மாட்டியாச்சா?

"மாப்பிள்ளை, மாட்டியாச்சா?"

வருங்கால மாமனார் போனில் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, "இதோ முடிஞ்சுது மாமா, கிளம்பிட்டே இருக்கேன்" என்றார். கிளம்புவதற்கு முதலில் கார் காராக இருக்க வேண்டாமா? நாலு கதவும் உள் அட்டை இல்லாமல், வயர் தொங்க, அலங்கோலமாக நின்றது.

காலையில் எல்லாம் சுலபமாகத்தான் தெரிந்தது. பெண்ணையும் அவள் அப்பாவையும் சாயங்காலம் காரில் ஒரு சுற்று அழைத்துப் போக வேண்டும். பெண்ணுக்குப் பாட்டு என்றால் உயிர். அப்பாவுக்கோ சொந்தக் கார் வைத்திருக்கும் மாப்பிள்ளைதான் வேண்டும். காரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிச்சயத்துக்கு நாள் குறிப்பேன் என்று சொல்லியிருந்தார்.

காரில் இருந்த ஸ்பீக்கரோ கரகரவென்று மானத்தை வாங்கியது. புது செட் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெண் வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்ட முதல் ஷெட்டில் மாப்பிள்ளை வண்டியை விட்டார். தெருவுக்கு நாலு ஓடுகிற வெள்ளைக் கார்தான். இருந்தாலும் நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

ஸ்பீக்கரால் ஒரு தொல்லையும் இல்லை. வம்பெல்லாம் கிராஸ்ஓவரால் வந்தது. பாட்டில் கீச்சென்று வருவதைச் சின்ன ஸ்பீக்கருக்கும் திம்மென்று வருவதைப் பெரிய ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற உள்ளங்கை அகலப் பெட்டி அது. அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் மெக்கானிக் ஆளைக் கொன்றுகொண்டிருந்தார்.

முதலில் டிரைவர் பக்கக் கதவின் அட்டையைக் கழற்றினார். உள்ளே பழைய கிராஸ்ஓவர் ஒரு ரோஸ் நிறச் சோப்பு டப்பாவுக்குள் பத்திரமாகக் குடியிருந்தது. மூடியைச் சுற்றிப் பசை பூசி, சொட்டுத் தண்ணீர் போகாதபடி அடைத்திருந்தது. மெக்கானிக் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு தம்பி செஞ்சது? வேலை சுத்தமா இருக்கே."

"நம்ம ஐடியாதாண்ணே. தண்ணி போயிடக் கூடாதுன்னு நானே பக்கத்துல நின்னு மாட்ட வச்சேன்."

"அப்படியா," என்றார் மெக்கானிக். அதற்கப்புறம்தான் பிடித்தது சனியன்.

புதுசையும் கதவிலேயே வைத்துவிடுங்கள் என்றால், இது பெரிசு, சோப்பு டப்பாவுக்குள் அடங்காது, மழைத் தண்ணீர் இறங்கும் என்றார். சரி, சீட்டுக்கு அடியில் வையுங்கள் என்றதும் டிரைவர் சீட்டையே கழற்றி வெளியே வைத்தார். அப்புறம் குனிந்து பார்த்துவிட்டு, சீட் முன்னும் பின்னும் நகரும்போது வயரைக் கடித்துவிடும் என்று உதட்டைப் பிதுக்கினார். டாஷ்போர்டுக்குப் பின்னால் சூடாம். டிக்கியில் வைத்தால் வயர் நீளமாகிச் சத்தம் செத்துவிடுமாம்.

நடுவில், பெரிய டப்பா எங்காவது கிடைக்குமா என்று விசாரிக்கப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், ஆற அமரப் பேசிவிட்டு வேறு வந்தார்.

மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வேதனை தெரியும். வண்டி உள்ளே போகிற வரைக்கும்தான் 'சின்ன வேலை'. டிரைவர் சீட் சுவரோரமாகச் சும்மா உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். இன்றைக்கென்று எடுத்த புதுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. அழாத குறைதான்.

முகம் கழுவலாம் என்று மூலையில் இருந்த குழாய்க்குப் போனார். அங்கே சோப்பு ஒரு உடைந்த ஸ்பீக்கர் மூடியில் கரைந்து கிடந்தது.

"சோப்புக்கு ஒரு டப்பாகூடவா வாங்கி வைக்க மாட்டீங்க?" என்றார், எரிச்சலை எங்காவது கொட்ட வேண்டுமே என்று.

"வாங்கி வச்சா எங்க தம்பி தங்குது? எல்லாம் வேலைக்குப் போயிடுது."

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். என் தலையில வேணும்னாலும் மாட்டுங்க. சாயங்காலம் வண்டி இல்லன்னா எனக்குக் கல்யாணமே இல்ல."

"பொறுங்க தம்பி. அவசரப்பட்டா சரியா மாட்டாது."

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மா இறங்கினார். பின்னாலேயே, ஒட்ட வெட்டிய முடியோடு வாட்டசாட்டமாக ஒருவர். அந்த அம்மா நேராகக் காரிடம் போய், திறந்து கிடந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார். ரோஸ் டப்பாவைக் கண்டதும் கையை உள்ளே விட்டு அதைத் தடவிப் பார்த்தார்.

"இதேதாங்க. பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தியிருந்த என் வண்டி இதேதான்."

மாப்பிள்ளை ஒரே எட்டில் காருக்குப் பாய்ந்தார். உட்காரத்தான் அதில் சீட் இல்லை. வாட்டசாட்டமானவர் வந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

மெக்கானிக் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, அந்த டப்பாவை நான் மாட்டினப்போ பக்கத்துல நின்னது இந்த டீச்சர்."

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் மறுபடியும் போன் அடித்தது. மாமனார்தான்.

"எடுங்க தம்பி. மாட்டியாச்சுன்னு சொல்லுங்க."