பன்னிரண்டாவது கதவு

"பதினோரு கதவு பூனை நடக்கற மாதிரி மூடுது. இந்த ஒண்ணு மட்டும் ஏனுங்க மேஸ்திரி, இன்னும் டமால் டமால்னு அடிக்குது?"

ஜெயபிரகாஷ் இப்படிக் கேட்பது இது மூன்றாவது முறை. தச்சர் மரியதாஸ் மூன்றாவது முறையும் அதே பதிலைத்தான் சொன்னார்.

"பனிங்க. சில்வர் ஓக் பனியைக் குடிச்சு உப்பிருச்சு."

"பன்னெண்டும் ஒரே மரத்துல அறுத்ததுதானுங்களே? மத்த பதினொண்ணுக்கும் தாகமே எடுக்கலையா?"

மரியதாஸ் கருவிப் பெட்டியைத் திறந்து உளியைத் தேடினார்.

ஏற்காட்டில் ஜெயபிரகாஷ் வீட்டு மாடி, வாடகைக்குத் தங்கும் விருந்தினருக்கு. வாசலில் பலகை: 'அமைதியே எங்கள் விருந்தோம்பல்.' கீழே சமையலறை. அங்கே பதினோரு அலமாரிக் கதவுகள். சிலவற்றுக்கு மெதுவாக மூடும் புதுக் கீல். மீதிக்கு மூலையில் நகத்தளவு சைக்கிள் டியூப் துண்டு. எல்லாம் மரியதாஸின் கைவேலை. அடித்து மூடினாலும் சத்தம் வராது.

பன்னிரண்டாவது கதவு பக்கத்து அறையில். ஜெயபிரகாஷின் அக்கா புஷ்பலதா படுத்திருக்கும் கட்டிலோரத்துச் சின்ன அலமாரியில்.

"எனக்காகச் சொல்லலீங்க" என்றார் ஜெயபிரகாஷ். "அக்காவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. பேச்சு போயிருச்சு. நொம்ப பலவீனம். சத்தம் ஆகவே ஆகாது. பெத்த தாய் மாதிரிங்க எனக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், இப்படி ஒரு தம்பியா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

டமால்!

சமையலறையில் இருந்த வேலைக்காரி சின்னத்தாயி கரண்டியைப் போட்டுவிட்டு அக்காவின் அறைக்கு ஓடினாள்.

"கேட்டீங்களா? நேத்து விடியக்காலம் நாலு தடவை இப்படி. மாடியில இருந்த குடும்பம் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு." ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். "நாகலூர்ல என் மச்சான் காட்டேஜ் கட்டறான். நாப்பது கதவு. உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். இந்த ஒண்ணை முடிச்சுக் குடுங்க, அது உங்களுது."

நாற்பது கதவு. மரியதாஸுக்கு ஐந்து மாதமாகப் பெரிய வேலை எதுவும் இல்லை. மழைக்காலம் முழுக்க அதை வைத்து ஓட்டிவிடலாம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் பெட்டியோடு வெளியே வந்தார்.

"ஆகலீங்க. எனக்கு வராது."

"நாப்பது வருஷத் தொழிலு. ஒரு கதவு வராதா?"

"வராதுங்க."

ஜெயபிரகாஷ் அவரை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டே போன் போட்டார். "மாப்ளே, வேற ஆளைப் பாரு. இவருக்குக் கை போயிருச்சு."

கெட்ட பெயருக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது. அன்று சாயங்காலமே நாகலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளியூரில் பேசி வைத்திருந்த ஜன்னல் வேலையும் கைவிட்டுப் போனது.

டீக்கடை பெரியண்ணன் விடவில்லை. "என்ன மேஸ்திரி, ஒரு முழக் கதவு உங்களைக் கவுத்துருச்சாமா? மரவேலைய விட்டுட்டு மொளகு காயப் போடப் போலாமில்ல?"

"போலாம்" என்றார் மரியதாஸ். டீயை ஊதிக் குடித்தார்.

அடுத்த வாரம் அதே கடைக்கு வாழவந்தி ஊர்த் தச்சன் ஸ்டெபின் வந்தான். நாகலூர் வேலை அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. வந்ததும் போனை நீட்டினான். ஜெயபிரகாஷ் வீட்டில் தங்கியவர்கள் எழுதியது. பெரியண்ணன் உரக்கப் படித்தார்.

"'ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நோயாளி அக்காவைத் தாங்கும் அன்பான உரிமையாளர். ஐந்து நட்சத்திரம்.' அடேங்கப்பா! கேட்டீங்களா மேஸ்திரி?"

"அந்தக் கதவு எத்தனை நேரமப்பா?" என்று மரியதாஸ் கேட்டார்.

"பத்தே நிமிசமுங்க. நல்ல கீல் ஒண்ணு, ரெண்டு பக்கமும் ரப்பர். அந்த அக்காதான் கதவுப் பிடியை விடவே மாட்டேன்னுட்டாங்க. சார் வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டாரு."

மரியதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடிச்சப்புறம் மூடிப் பாத்தியா சாமி?"

"நான் எதுக்குங்க பாக்கணும்? அவங்களே பாத்துட்டாங்களே! விளங்குற ஒரு கையால திறந்து திறந்து அடிக்கிறாங்க. பஞ்சுல விழுகற மாதிரி மூடுது."

"சின்னத்தாயி வந்துச்சா?"

"சத்தம் கேட்டாத்தானுங்களே வரும்!" ஸ்டெபின் சிரித்தான். "சமையக்கட்டுல அது பாட்டுக்குத் தோசை சுட்டுட்டு இருந்துச்சு. நான் பெட்டியைக் கட்டிக் கெளம்பறப்ப பாக்கறேன், அந்த அக்கா படுக்கையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. அப்பவும் விடாம அடிக்கிறாங்க. ஒரு பொட்டுச் சத்தம் வரணுமே!"