ஈரச் சட்டை

நாடக வரலாற்று வகுப்பில் அன்று கைலாசநாதனின் சுனாமி நாடகம். உள்ளூர் நாடகாசிரியர். ஒரு காட்சியை நடித்தே பார்த்துவிடலாம் என்றாள் பேராசிரியை அன்னபூரணி.

கடல் ஒதுக்கிப்போட்ட மகனின் உடலருகே தாய் உட்கார்ந்திருக்கிறாள். கவியா வசனத்தைப் படித்தாள்.

"ஈரச் சட்டையக் கழட்டுங்க. புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும்."

பின் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

"செத்த புள்ளைக்குச் சளியா? எந்த அம்மா மேடம் இப்படிப் பேசுவாங்க? நாடகாசிரியர் இங்க கோட்டை விட்டுட்டாரு" என்றாள் கவியா.

"சரி, உனக்குத் தோணுற மாதிரி பண்ணு."

விட்டாள் பாருங்கள் ஒரு கதறல். தலையிலடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். சிரித்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

"இதுதான் மேடம் யதார்த்தம்" என்றான் அகரன். "ஆனா உங்களுக்கு மட்டும் அழுகையே வரலையே?"

அன்னபூரணி டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தாள்.

"அன்னைக்கும் வரலப்பா. கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில என் பையனக் கிடத்தியிருந்தப்ப கைலாசநாதன் பக்கத்துலதான் நின்னாரு. நான் சொன்னத அப்படியே எழுதிட்டாரு."

டஸ்டரை மேசையில் வைத்தாள்.

"அடுத்த காட்சிய யாரு படிக்கிறீங்க?" என்றாள்.