மூன்றாவது இருமல்

மாநகராட்சி எல்லா வாடகை வீட்டு வாசலிலும் ஒரு பெட்டியை மாட்டிவிட்டது. ஹவுஸ் ஓனர் கேட்கக்கூடாததைக் கேட்டால் பெட்டி இருமும். அந்த இருமலில் அடுத்த தெரு நாய்கள்கூட எழுந்து நின்றுவிடும். மூன்று முறை இருமினால் ஓராண்டுக்கு வீட்டை யாருக்கும் விட முடியாது, குடிவர வந்தவரே மன்னித்தால் ஒழிய. பேசி முடிக்கும்வரை கதவும் திறக்காது.

பெரம்பூர் குணசீலனின் மாடி எட்டு மாதமாகக் காலி. இன்று கதவுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள்.

"சொந்த ஊர் எதும்மா?" என்றார். இருமல்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?" மறுபடி இருமல்.

மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில் துடித்தது. மனைவி போன நாலு வருடமாக ரசத்தைத் தவிர வேறெதுவும் வைக்கத் தெரியாமல், அவர் வேர்வையிலேயே மிளகு மணப்பதாகத் தெருவில் பேச்சு.

"மீன் குழம்பு வைப்பீங்களாம்மா?"

பெட்டி இருமியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வைப்பேன் சார்." அவள் குரல் தடித்தது. "இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி இதே கேள்வியில பதினோரு வீடு போச்சு. இது பன்னண்டாவதா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா! வச்சா ஒரு கிண்ணம் கீழ வருமான்னு கேட்டேன். நாக்கு செத்துப்போச்சு."

 வெளியே கதவே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"மன்னிச்சாச்சு, பெட்டி. நீ சும்மா இரு," என்றாள். "சார், உங்களுக்குத் தலையா, நடுத்துண்டா?"