பேரிங் சத்தம்

திருப்பூரில் நஞ்சப்பனும் தெய்வானையும் பனியன் துணி பின்னும் இரண்டு மெஷின்களை ஓட்டுகிறார்கள். தன் உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து மெஷினே தன் சர்வீஸ் நாளைக் குறித்துக்கொள்ளும். குறித்துவிட்டால் யாராலும் மாற்ற முடியாது. ஒன்று சர்வீஸில் இருக்கும்போது மற்றது ஓடும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அதனால் கல்யாணமான நாளிலிருந்து எந்த விசேஷத்துக்கும் இருவரும் சேர்ந்து போனதில்லை. தெய்வானை தனியாகப் போய் நின்றால், "ஏங்கண்ணு, மாப்பிள்ளையோட சண்டையா?" என்று சொந்தமெல்லாம் விசாரிக்கும்.

அவள் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அந்த அதிசயம் நடந்தது. "பேரிங் தேய்மானம். இரண்டு நாள் ஓய்வு" என்று திரையில் காட்டிவிட்டு, இரண்டு மெஷின்களும் ஒன்றாக நின்றன.

ஓட்டுநர் இல்லாத பேருந்தில் ஏறி, ஊர் நெருங்கும்போது நஞ்சப்பன் கேட்டான். "அதெப்படி புள்ள, ரெண்டும் ஒரே நாள்ல?"

"ஒரு வாரமா அதுங்க பக்கத்துல நின்னு நாந்தானுங்க சத்தம் போட்டேன்."

"என்ன சத்தம்?"

தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு, "கிர்ர்ர்ர்ர்..." என்றாள். தேய்ந்த பேரிங்கேதான்!

நஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னொருக்கா, இன்னொருக்கா!"

அவள் இன்னும் பலமாகப் போட்டாள்.

பேருந்து மெல்ல வேகம் குறைந்து ஓரங்கட்டியது.

"பயணிகள் மன்னிக்கவும்" என்றது. "பேரிங் தேய்மானம். இரண்டு நாள் ஓய்வு."

மிச்ச தூரத்தை நடந்தே கடந்து, வியர்த்து வழிய, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். சண்டையா என்று யாரும் கேட்கவில்லை.