காலியான அலைவரிசை

குமுதினி பொழுதுபோக்காகச் செய்த சின்ன ராக்கெட் ஐந்து முறை பறந்து ஐந்து முறையும் தொலைந்துபோனது. கதவு, குக்கர், நாயின் கழுத்துப்பட்டை என்று எல்லாமே ரேடியோவில் ஓயாமல் பேசும் கோவையில், விழுந்த இடத்தைச் சொல்ல அதற்கு ஓர் அலைவரிசைகூட மிச்சமில்லை. அலைவரிசை ஒதுக்கும் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட்டு மூன்று வருடமாகக் காத்திருந்தாள்.

இன்று காலை அங்கிருந்து செய்தி வந்தது: '434.65 காலி. இதிலிருந்த கருவி ஒரு மணி நேரமாகச் சிக்னல் அனுப்பவில்லை. பத்து நிமிடத்துக்குள் ஏற்கவும்.'

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் கேட்காமல் எந்த அலைவரிசையிலும் நுழைய மாட்டார்கள். குமுதினியும் வாக்கிடாக்கியை எடுத்து, "இந்த அலைவரிசையில யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். பதில் இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதி. ஏற்றுக்கொண்டாள்.

சந்தோஷம் தாங்காமல் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டுக் கதவில், தினமும் பார்த்தும் படிக்காத சிவப்பு ஸ்டிக்கர்: 'தார்சிஸ். இதயக் கருவி 434.65. குறுக்கிட வேண்டாம்.'

அப்போது தார்சிஸின் மனைவி ரெஜினா காய்கறிப் பையோடு லிஃப்டிலிருந்து வந்தார். குமுதினியின் கையில் வாக்கிடாக்கியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நம்பர் கெடச்சிருச்சா கண்ணு? இரு, உள்ள அண்ணன்கிட்ட சொல்றேன். ரொம்ப சந்தோஷப்படுவாரு."

ரெஜினா பூட்டில் சாவியை நுழைத்தார்.