ஒடெட்டின் பையில் தோட்டாக்கள்

மூஸ் மான் பாதை நடுவில் நின்றது.

ஒடெட் பிரேக்கை மிதித்தாள். அவள் என் மனைவி. வேட்டைக்குப் போனால் வண்டி ஓட்டுவது அவள்தான்.

மூஸ் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் என் பெயர் விழ இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அனுமதிச் சீட்டுக்கு அன்று கடைசி நாள். பொழுது சாய அரை மணிதான் இருந்தது.

துப்பாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் குழல் மேல்நோக்கி நின்றது. தோட்டாக்கள் அவள் கோட்டுப் பையில் இருந்தன.

எங்கள் மெய்ன் மாநிலத்தில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு வண்டியில் ஏறக் கூடாது. மூன்று வருஷம் முன்பு அப்படி ஏறி வனக்காவலரிடம் மாட்டினேன், ஊரே சிரித்தது. அதிலிருந்து ஒடெட் வீட்டுச் சட்டம் ஒன்று போட்டாள். ஏறுமுன் தோட்டாக்களைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இனி இறங்கி, பாதையைவிட்டு விலகி, தோட்டா போட்டுச் சுட வேண்டும். கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை.

மூஸ் எங்களை நோக்கியே நடந்து வந்தது. கொம்பு கட்டில் அகலம் இருந்தது. முதுகு வண்டிக் கூரைக்கும் மேலே தெரிந்தது. அது விட்ட மூச்சில் என் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வெளுத்துப்போனது.

ஒடெட் என் பக்கம் சாய்ந்து, குழல் நுனியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் இருப்பவள்போல் பார்த்தாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு பெரிய உயிரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷம். பொறுக்கமாட்டாமல் துப்பாக்கியைப் பிடித்து உலுக்கினேன்.

“சும்மா இரு, ரோலண்ட். இப்படி ஒண்ண இனிமே எப்பப் பாக்கப் போறோம்?”

அது அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் இறங்கிப் போனது.

வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

கொட்டகையில் துப்பாக்கியைத் துடைக்க எடுத்து போல்ட்டை இழுத்தேன். தோட்டா ஒன்று துள்ளி மேஜைமேல் விழுந்து உருண்டது.

மதியம் வண்டியில் ஏறுமுன், தோட்டாக்கள் அடுக்கும் மேகசினை மட்டும் காலி செய்திருக்கிறேன். ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருந்த ஒன்றை மறந்திருக்கிறேன்.

ஒடெட் காபியோடு வந்து நின்றாள்.

“இன்னும் எம்மேல கோவமா?”

அவள் கன்னத்தில் குழல் நுனியின் எண்ணெய்க் கறை வட்டமாக அப்படியே இருந்தது.