பொம்மைக்கு அபாயா

“நெஞ்சில ஷொக் குடுக்கணுமெண்டா உடுப்ப வெட்டணும்,” என்று கத்தரிக்கோலை நீட்டினார் டொக்டர் றியாழ்.

ஓட்டோக்காரன் உவைஸ் பின்வாங்கினான். கல்முனையில் ஓட்டோக்காரர்களுக்கு அவர்களுடைய ஸ்டாண்டிலேயே முதலுதவிப் பயிற்சி. பொத்துவிலிலிருந்து வந்த டொக்டர், பயிற்சிப் பொம்மைக்குப் பெண்கள் போடும் அபாயா அங்கியை உடுத்திக் கிடத்தியிருந்தார்.

“ஆம்பிளப் பொம்மையெண்டா பரவாயில்ல, டொக்டர். இது பாக்கவே ஒரு மாதிரியா இரிக்கி.”

“அதுதான் தம்பி என்ட ஆராய்ச்சி. ஆம்பிளப் பொம்மையில பழகினவனுக்கு, பொம்பிள விழுந்தாக் கை போகுதில்ல.”

உவைஸ் குனிந்து பார்த்தான். கையோரத்தில் முத்து வேலை செய்த கறுப்பு அபாயா. வெட்ட மனம் வரவில்லை.

“புதுசு மாதிரி இரிக்கி. ஆர்ட டொக்டர்?”

“என்ட பொஞ்சாதிட.”

எல்லோரும் சிரித்தார்கள். “வெட்டினா மேடம் ஏச மாட்டாவா?” என்றான் உவைஸ்.

“மாட்டா.” டொக்டரின் குரல் மாறவேயில்லை. “போன நோன்புக்குள்ள, பஸ்ஸால இறங்கி வந்தவ, இதே ஸ்டாண்டிலதான் நெஞ்சடைச்சு விழுந்தா. அண்டைக்கு உடுத்திருந்த அபாயா இது. சுத்தி நிண்டவங்க ஒருத்தரும் கை வைக்கல்ல. ஆஸ்பத்திரியில அவட மையித்தோட சேத்து இதையும் தந்தாங்க, ஒரு கிழிசலும் இல்லாம.”